காய்ந்த இலை என்று பிய்க்க வேண்டாம்... மான்கொம்புப் பெரணிக்கு அதுதான் தொட்டி!

வாசகர் கேள்வி – பதில்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள், ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வந்தபோது ஒரு செடியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். தொட்டி கிடையாது, மண்ணும் கிடையாது. ஒரு மரப்பலகையில் கட்டிய செடி. மான் கொம்பு போல இலைகள் பிரிந்து தொங்கும். நர்சரியில் அதற்கு 'ஸ்டாக்ஹார்ன்' என்று பெயர் சொன்னார்களாம்.

வாசகி அதைக் கூடத்துச் சுவரில் மாட்டி, தினமும் காலையில் போர்வெல் தண்ணீரைக் கையால் தெளித்து வந்திருக்கிறார். பலகையை ஒட்டி வட்டமாக இருந்த இலைகள் பழுப்பாகிக் காய்ந்திருக்கின்றன. 'வாழைக்குக் காய்ந்த சருகைக் கழிப்பதுபோல' அவற்றைப் பிய்த்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு கொம்பு இலைகளும் துவண்டு, நுனி கருக ஆரம்பித்துவிட்டன. தீபாவளிக்கு மகள் வருவதற்குள் செடியைப் பிழைக்க வைக்க முடியுமா என்பது அவருடைய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி பெரியது. இந்தச் செடிக்குப் பெங்களூரில் நல்ல விலை என்று கேள்விப்பட்ட மகன், அரை ஏக்கர் மல்லியை அழித்துவிட்டு, கடன் வாங்கி நிழல்வலைக் குடில் போடலாம் என்கிறாராம். செய்யலாமா?

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. அந்தச் செடி எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை எடுக்கக்கூடாது என்பதும், எவ்வளவு வேகத்தில் அது பெருகும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

மரத்தில் இருக்கும், மரத்தை உறிஞ்சாது

இது பெரணி வகையைச் சேர்ந்த தாவரம். தாவரவியல் பெயர் பிளாட்டிசீரியம். கிரேக்க மொழியில் 'அகன்ற கொம்பு' என்று பொருள். உலகில் சுமார் 18 இனங்கள் இருக்கின்றன. நர்சரிகளில் பெரும்பாலும் கிடைப்பது பிளாட்டிசீரியம் பைஃபர்கேட்டம் என்ற இனம். ஜாவா, நியூ கினி, ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிக் காடுகள் இதன் சொந்த ஊர். இந்தியாவுக்குச் சொந்தமான இனமும் ஒன்று உண்டு. மணிப்பூர்க் காடுகளில் இருக்கும் அதற்கு, கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த நதானியேல் வாலிக் நினைவாக 'வாலிக்கி' என்று பெயர். அது இன்று அரிதாகிவிட்ட இனம்.

மரத்தின் மேல் வளர்வதால் பலர் இதைப் புல்லுருவி என்று நினைக்கிறார்கள். மா மரத்தில் வரும் புல்லுருவி, கிளைக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். மான்கொம்புப் பெரணி அப்படிச் செய்யாது. மரத்தை ஏறி உட்காரும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளும். மழைநீர், காற்றில் வரும் தூசு, மேலிருந்து விழும் சருகு ஆகியவைதான் அதற்குச் சாப்பாடு. அதனால்தான் ஒரு பலகையில் கட்டிவைத்தாலும் வாழ்கிறது.

இந்தச் செடியில் இரண்டு வகை இலைகள் உண்டு. வெளியே நீண்டு, கிளை பிரிந்து தொங்குபவை கொம்பு இலைகள். பலகையை ஒட்டித் தட்டுபோலப் படர்பவை கவச இலைகள். கவச இலை பச்சையாகத் தோன்றி, விரிந்து, சில மாதங்களில் பழுப்பாகிக் காகிதம்போல ஆகிவிடும். அது நோய் கிடையாது, தண்ணீர்க் குறைவும் கிடையாது. அந்த இலையின் இயல்பே அதுதான். பழுப்பான பிறகும் அது வேரை மூடிக் காக்கிறது. பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உள்ளே சேரும் சருகை மக்க வைத்து உரமாக்குகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் இந்தப் பழைய இலைகள்தான் செடிக்குத் தொட்டியும் மண்ணும். வாசகி பிய்த்து எடுத்தது சருகை அல்ல, தொட்டியை. மூடு இல்லாமல் வேர் காற்றில் காய்ந்ததால்தான் கொம்பு இலைகள் துவண்டன.

இதே அமைப்பு உள்ளூரிலும் உண்டு. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வழியோரக் கடைகளில் சூப்புக்காக விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கைப் பார்க்காதவர் குறைவு. பழுப்பு ரோமம் மூடி, ஆட்டுக்கால் போலவே இருக்கும். அது உண்மையில் கிழங்கு அல்ல. பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணியின் தண்டு. அதிலும் நீளமான பச்சை இலைகள் ஒரு வகை, தண்டை ஒட்டிக் குட்டையாக நிற்கும் பழுப்பு இலைகள் இன்னொரு வகை. அந்தப் பழுப்பு இலைகள் கூடைபோல நின்று சருகையும் ஈரத்தையும் பிடித்துத் தருகின்றன. மலையில் யாரும் அதைப் 'பட்டுப்போன இலை' என்று கழிப்பதில்லை. வீட்டுச் சுவரில் இருக்கும் செடிக்கும் அதே நியாயம்தான்.

பிய்த்த செடியைப் பிழைக்க வைப்பது எப்படி?

முதலில் குருத்தைப் பார்க்க வேண்டும். கொம்பு இலைகள் எல்லாம் கிளம்பும் நடுப்பகுதிதான் குருத்து. விரலால் மெல்லத் தொட்டால் கெட்டியாக, வெளிர்பச்சையாக, மென்மையான ரோமத்துடன் இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. கறுத்து, கொழகொழப்பாகி, நாற்றம் வந்தால் அந்தக் குருத்து போய்விட்டது. பக்கத்தில் வேறு குருத்து இருக்கிறதா என்று தேட வேண்டும்.

உயிர் இருந்தால், வெளியே தெரியும் வேர்ப்பகுதியைச் சுற்றி ஈரமான தேங்காய் நாரையோ, நர்சரியில் கிடைக்கும் ஸ்பேக்னம் பாசியையோ இரண்டு விரல் கனத்துக்கு வைத்து நைலான் நூலால் கட்டலாம். குருத்தை மட்டும் மூடக்கூடாது. பிறகு செடியை வெயில் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் மாட்டி, ஐந்தாறு ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்துவைக்கலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு அந்த ஈரக்காற்று உதவும். தினமும் பையைச் சற்றுநேரம் எடுத்துவிட்டுக் காற்றாட விட வேண்டும். இந்தச் சமயத்தில் உரம் எதுவும் கொடுக்கக்கூடாது. வேர் வேலை செய்யாதபோது கொடுக்கும் உரம் வேரைத்தான் சுடும்.

கருகிய நுனியை வெட்டினால் அந்த இலை பழைய நிலைக்கு வராது. முழு இலையும் காய்ந்தால் மட்டும் கத்தரிக்கலாம். புதிய கவச இலை ஒன்று பச்சை வட்டமாகக் கிளம்பினால் செடி பிழைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். தீபாவளிக்குள் பழைய அழகு திரும்பாது. குருத்து பச்சையாக இருக்கிறது என்று மகளிடம் காட்ட முடிந்தாலே வேலை சரியாக நடக்கிறது.

தெளிக்க வேண்டாம், முக்கி எடுக்க வேண்டும்

தினமும் தெளிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இலையின் மேல்பகுதி நனையும், உள்ளே வேர் நனையாது. பார்ப்பவருக்குத் தண்ணீர் விட்ட திருப்தி கிடைக்கும், செடி தாகத்தில் இருக்கும். வேறு சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. தெளிக்கும் தண்ணீர் குருத்தில் தேங்கி, காற்று படாமல் அழுகிவிடுகிறது.

சரியான வழி, பலகையோடு சேர்த்து செடியின் அடிப்பகுதியை ஒரு பக்கெட் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் முக்கி வைப்பது. பிறகு எடுத்து, நீர் சொட்டுவது நிற்கும்வரை வெளியே சாய்த்துவைத்து, அதன்பின் சுவரில் மாட்டலாம். மார்ச் முதல் மே வரை, காற்று காய்ந்து வெயில் 38 டிகிரியை எட்டும் நாட்களில் வாரம் இரண்டு முறை முக்குவது தேவைப்படும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை அல்லது பத்து நாளைக்கு ஒரு முறை போதும். மார்கழி, தை மாதக் குளிரில் இன்னும் குறைக்கலாம்.

நாள் கணக்கைவிடக் கை கணக்கு நம்பகமானது. முக்கி எடுத்து, சொட்டு நின்றதும் பலகையைத் தூக்கிப் பார்த்து அந்த எடையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கும்போது பலகை லேசாகிவிட்டிருந்தால் அடுத்த முறை முக்கலாம். கனமாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம். செடி காட்டும் அடையாளமும் இரண்டுதான்: கொம்பு இலை துவண்டு, நுனி பழுப்பாகிக் காய்ந்தால் தண்ணீர் போதவில்லை. இலையின் அடிப்பகுதி கறுத்து மெத்தென்று ஆனால் தண்ணீர் அதிகம்.

தர்மபுரி மாவட்டத்தில் எந்தத் தண்ணீர் என்பதையும் கவனிக்க வேண்டும். இங்குள்ள பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டமே கொண்டுவரப்பட்டு, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. வயலில் இருக்கும் செடிக்கு மழை பெய்து மண்ணிலுள்ள உப்பைக் கழுவிவிடும். பலகையில் இருக்கும் செடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. நீர் ஆவியாகப் போனபின் உப்பு நாரிலும் வேரிலும் தங்கிவிடும். பலகையில் வெள்ளைப் பொடி பூப்பது அதன் அடையாளம்.

முதல் தேர்வு மழைநீர். ஓட்டுக்கூரையோ மாடியோ எதுவாக இருந்தாலும், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் இரண்டு டிரம் பிடித்து மூடிவைத்தால், ஒன்றிரண்டு செடிக்குப் பல மாதம் வரும். அது இல்லாவிட்டால் காவிரிக் குடிநீரை ஓர் இரவு திறந்துவைத்து, குளோரின் வாடை போனபின் பயன்படுத்தலாம். போர்வெல் நீர் மட்டுமே உள்ள இடத்தில், மாதம் ஒரு முறையாவது நல்ல நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் இன்னொரு முறை அலசி எடுக்க வேண்டும். தண்ணீரின் உப்புத்தன்மை தெரிய, தர்மபுரி மண் பரிசோதனை நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்து மாதிரி கொடுக்கலாம். அந்த முடிவு மல்லிக்கும் தக்காளிக்கும்கூடப் பயன்படும்.

இடம், வெளிச்சம், சாப்பாடு

வீட்டுக்குள் இருந்தாலும் இது இருட்டுச் செடி கிடையாது. பகலில் விளக்கு போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற அளவுக்கு வெளிச்சம் வேண்டும். கிழக்கு ஜன்னல் ஓரம் நல்லது. காலை எட்டு, ஒன்பது மணிவரை வரும் இளவெயில் படலாம். மேற்கு வெயில் விழுந்தால் இலை ஒரே நாளில் வெந்து, வெள்ளைத் திட்டாகிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழேயும், ஏ.சி. காற்று படும் இடத்திலும் மாட்டக்கூடாது. ஜன்னலுள்ள குளியலறைச் சுவர் பல வீடுகளில் இதற்கு நல்ல இடமாக அமைகிறது. வேப்பமர நிழல் விழும் திண்ணை அதைவிடவும் நல்லது.

பலகையைச் சுவரோடு ஒட்ட மாட்டினால் சுவர் ஈரமாகிச் சுண்ணாம்பு உரியும். பலகைக்குப் பின்னால் மேலும் கீழும் இரண்டு சிறு ரீப்பர் துண்டுகளை அடித்தால் இடைவெளியில் காற்று போகும். சுவரும் கெடாது, செடியும் அழுகாது.

உரம் மிகக் குறைவாகப் போதும். ஜூன் முதல் அக்டோபர் வரை புதிய இலை வரும் காலத்தில், மாதம் ஒரு முறை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் அளவில் 19:19:19 நீரில் கரையும் உரத்தைக் கலந்து முக்கி எடுக்கலாம். இயற்கை முறையில் வளர்ப்பவர்கள் வடிகட்டிய பஞ்சகவ்யாவைப் பயிருக்குத் தெளிக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்காக, லிட்டருக்கு 10 மில்லி கலந்து பயன்படுத்தலாம். குளிர்காலத்திலும், செடி வாடியிருக்கும்போதும் உரம் வேண்டாம்.

வாழைப்பழத் தோலைக் கவச இலைக்குப் பின்னால் செருகினால் சாம்பல் சத்து கிடைக்கும் என்று ஒரு யோசனை பரவியிருக்கிறது. மரத்தில் இருக்கும் செடிக்கு மழை அடித்து எல்லாம் மக்கும். கூடத்துச் சுவரில் அது எறும்பையும் பழ ஈயையும்தான் அழைத்துவரும். தோலைக் குப்பைக் குழியில் போட்டு மக்க வைப்பது நல்லது.

பலகையில் கட்டும் முறை

புதிதாகக் கட்ட நினைப்பவர்களும், செடி பெரிதாகிப் பலகை மாற்றுபவர்களும் கவனிக்க வேண்டியவை:

1. பழைய தேக்கு, வேம்பு, பலா போன்ற உரமான மரத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி பலகை போதும். பெயின்ட், வார்னிஷ் அடித்ததும், கரையான் மருந்து ஏற்றியதும் ஆகாது. பலகை கிடைக்காவிட்டால் முழுத் தேங்காய் உரிமட்டைகளை நெருக்கமாகக் கட்டியும் பயன்படுத்தலாம்.

2. தேங்காய் நாரை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். முதல் தண்ணீர் காப்பிக் கலரில் வரும். அந்தக் கறையும் உப்பும் போன பிறகே கட்ட வேண்டும்.

3. பலகையின் நடுவே நாரைச் சிறு மேடாக வைத்து, அதன் மேல் செடியின் வேர்க்கட்டை வைக்க வேண்டும். குருத்து மேல்நோக்கியோ வெளிநோக்கியோ இருக்கலாம். தலைகீழாகிவிடக்கூடாது.

4. பலகை விளிம்பைச் சுற்றிச் சிறு ஆணிகள் அடித்து, தூண்டில் நரம்பை ஆணிக்கு ஆணி குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டலாம். நரம்பு கவச இலையின் மேல் போகலாம். குருத்தின் மேல் போகக்கூடாது.

5. செம்புக் கம்பி வேண்டவே வேண்டாம். ஈரத்தில் கரையும் செம்பு பெரணிக்கு நஞ்சு.

6. சில மாதங்களில் புதிய கவச இலை வளர்ந்து நாரையும் நரம்பையும் மூடிவிடும். அதன்பிறகு பலகையைச் செடியே பிடித்துக்கொள்ளும்.

மல்லியை அழித்துப் பெரணி போடலாமா?

இனி மகனின் கேள்வி. பெங்களூரில் அலங்காரச் செடிகளுக்குச் சந்தை இருப்பது உண்மை. தர்மபுரியிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம் என்பதும் உண்மை. ஆனால் ஒரு நர்சரியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை ஏக்கர் கணக்கில் பெருக்கிப் பார்ப்பது விவசாயக் கணக்கு ஆகாது.

இந்தச் செடி மூன்று வழியில் பெருகுகிறது. கொம்பு இலையின் நுனிக்கு அடியில் பழுப்பு வெல்வெட்போலப் படியும் ஸ்போர் தூளை விதைத்து வளர்ப்பது ஒன்று. சுத்தமான ஊடகம், மூடிய பெட்டி, பொறுமை மூன்றும் தேவை. விற்கும் அளவுக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். இரண்டாவது, ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் வரும் கன்றுகள். அதை வாங்கி வளர்ப்பவர் கன்று விலையையும் சாவுக் கணக்கையும் சுமக்க வேண்டும். மூன்றாவது, தாய்ச்செடியைச் சுற்றி வரும் பக்கக்கன்றுகளைப் பிரிப்பது. வீட்டளவில் சாத்தியமானது இதுதான். வாங்கும்போதே பைஃபர்கேட்டம் இனம்தானா என்று கேட்க வேண்டும். பெரிதாக, கம்பீரமாக இருக்கும் சூப்பர்பம் இனம் பக்கக்கன்று விடாது.

பக்கக்கன்றையும் அவசரப்பட்டுப் பிரிக்கக்கூடாது. உள்ளங்கை அளவுக்கு வந்து, தனக்கென்று ஒரு கவச இலையும் விட்ட பிறகே, வேரோடு சேர்த்துக் கூரிய கத்தியால் எடுக்க வேண்டும். கூட்டமாக இருப்பதில் செடிக்கு ஒரு லாபமும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்ட் ஹோவ் தீவில் இந்தப் பெரணிக் கூட்டங்களை ஆராய்ந்த நியூசிலாந்து விஞ்ஞானி கெவின் பர்ன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே கூட்டத்தில் சில செடிகள் மழைநீரைத் திரட்டி உள்ளே அனுப்புகின்றன; சில செடிகள் பஞ்சுபோன்ற இலைகளால் அந்த நீரைப் பிடித்து வைக்கின்றன; பல செடிகள் ஸ்போரே விடாமல் கூட்டத்துக்காக மட்டும் உழைக்கின்றன. தேன்கூட்டில் வேலைக்காரத் தேனீக்கள் இருப்பதுபோன்ற ஏற்பாடு என்று அவர்கள் சொன்னார்கள். எனவே எல்லாக் கன்றையும் ஒரேயடியாகப் பிரித்தால் தாய்ச்செடியும் தளர்ந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்துத் தாய்ச்செடி இருக்கிறது என்றும், ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு மூன்று கன்று பிரிக்க முடிந்தது என்றும் வைத்துக்கொண்டால், கிடைப்பது 30 கன்று. ஐந்தில் ஒன்று போனால் மீதி 24. அவை பலகையில் பிடித்து, பார்க்க லட்சணமாக வர இன்னும் ஒரு வருடமாவது வேண்டும். வாங்க ஆள் கிடைத்து 24-ம் விற்றால் அது நல்ல கைச்செலவுப் பணம். மாதத் தவணை கட்டும் பணமாக அதை நம்ப முடியாது. மல்லி அப்படி அல்ல. விலை ஏறினாலும் இறங்கினாலும் சீசனில் தினமும் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிக் காசு பார்க்கலாம். அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்தால் திரும்ப அந்த நிலைக்குக் கொண்டுவரவும் வருடக்கணக்கில் ஆகும்.

ஆகவே, மல்லி இருக்கட்டும். கடன் வேண்டாம். வீட்டு ஓரத்தில் மர நிழலிலோ, 75 சதவீத நிழல்வலை கட்டிய சிறு பந்தலிலோ, ஐந்து முதல் பத்து தாய்ச்செடியோடு தொடங்கி ஒரு கோடையைத் தாண்டிப் பார்க்கலாம். தர்மபுரி மே மாதத்தில் எத்தனை செடி பிழைத்தது என்பதுதான் உண்மையான திட்ட அறிக்கை. அதற்குள் மகள் பெங்களூரில் நான்கைந்து நர்சரிகளில் எந்த அளவுச் செடியை என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று கேட்டுவைக்கலாம். விற்கும் விலையைக் கேட்டால் போதாது. அவர்கள் வளர்ப்பவருக்குக் கொடுக்கும் விலையைக் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குப் பிறகும் ஆர்வமும் வாங்குபவர்களும் இருந்தால், நிழல்வலைக் குடிலுக்கான மானியத் திட்டங்களில் இந்தச் செடிக்கு இடமுண்டா என்று வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்து, அதன்பின் முடிவெடுக்கலாம்.

சின்னக் கேள்விகள்

பாலக்கோடு வாசகர்: இலை நுனிக்கு அடியில் பழுப்புத் தூள் திட்டாகப் படிந்திருக்கிறது. தக்காளிக்கு வாங்கிய காப்பர் ஆக்சிகுளோரைடைத் தெளிக்கலாமா?

தெளிக்கக்கூடாது. நுனிக்கு அடியில் மட்டும், ஒரே சீராக, தொட்டால் வெல்வெட்போல இருந்தால் அது ஸ்போர். செடி வயதுக்கு வந்திருக்கிறது என்று பொருள். செம்பு மருந்து பெரணியைக் கருக்கிவிடும். இலையின் நடுவில் ஒழுங்கில்லாமல் கரும்புள்ளி வந்து பரவினால் மட்டும் அது நோய். அந்த இலையை வெட்டி எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டினாலே பெரும்பாலும் சரியாகும்.

மொரப்பூர் வாசகி: இலை முழுவதும் வெள்ளையாகச் சாம்பல் பூத்ததுபோல இருக்கிறது. துணியால் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

அந்த வெள்ளை, இலையின் மேல் இருக்கும் நுண்ணிய ரோமம். ஈரம் வேகமாக ஆவியாகாமல் காப்பதற்குச் செடி போர்த்திக்கொண்டிருக்கும் போர்வை. துடைத்தால் திரும்ப வராது. எண்ணெய் தடவினால் இலை மூச்சுவிட முடியாது. தூசு படிந்தால் மெல்லத் தண்ணீர் ஊற்றி அலசினால் போதும். இலைக் காம்பிலும் மடிப்பிலும் பஞ்சுக் கட்டியாக ஒட்டிக்கொண்டு, நசுக்கினால் பிசுபிசுத்தால் அது மாவுப்பூச்சி. பழுப்புச் செதில்போல ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. ஒன்றிரண்டு இருக்கும்போதே, காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, பூச்சியின் மேல் மட்டும் தொட்டு எடுத்துவிடலாம். வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் ஆகியவற்றை இலை முழுக்க அடித்தால் ரோமம் கெட்டுவிடும்.

அரூர் வாசகர்: சித்தேரி மலைக்குப் போகும்போது பாறையில் முடவாட்டுக்கால் நிறையப் பார்க்கிறோம். அதைக் கொண்டுவந்து பலகையில் கட்டலாமா?

பலகையில் கட்டுவதற்கு முடவாட்டுக்கால் அருமையான செடி. மான்கொம்பைவிட இந்த வெயிலைத் தாங்கும். ஆனால் காப்புக்காட்டிலிருந்து எடுத்துவருவது தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். சூப்புக்காகவே மலைகளில் இதை வேரோடு பெயர்ப்பது அதிகமாகிவிட்டது. பாறையில் ஒரு சாண் தண்டு வளர எத்தனை மழைக்காலம் ஆகும் என்று அதைப் பெயர்ப்பவர் நினைப்பதில்லை. பட்டா நிலத்தில் வைத்திருப்பவரிடம் அல்லது கிழங்கு விற்பவரிடம், நுனியில் குருத்து உயிரோடு இருக்கும் ஒரு துண்டை வாங்கினால் போதும். ரோமம் மூடிய தண்டை நாருக்குள் புதைக்காமல் மேலே படுக்கவைத்து, நைலான் நூலால் கட்டி, நிழலில் ஈரமாக வைத்திருந்தால் மழைக்காலத்தில் துளிர்க்கும். கோடையில் அதன் பச்சை இலைகள் உதிரும். பட்டுப்போய்விட்டது என்று எறிந்துவிடாமல் காத்திருந்தால், அடுத்த மழைக்குத் திரும்பத் தழைக்கும். அதன் பழுப்பு இலையையும் பிய்க்க வேண்டாம்.